எல்எக்ஸ்-300 பிளஸ் லினக்ஸில் அடிக்க மறுக்கிறது: எங்கிருந்து தேடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அரிசி மண்டியில் பில் அடிக்கும் எப்சன் எல்எக்ஸ்-300 பிளஸ். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதால் வேறு டிஸ்க் மாட்டி டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டிருக்கிறீர்கள். பிரிண்டரையும் சேர்த்தாயிற்று. ஆனால் சோதனைப் பக்கம் கொடுத்தால் "பிராசஸிங்" என்றே நிற்கிறது. டிரைவரை மாற்றிப் பார்த்தபோது ஒரே ஒரு முறை அடித்தது, அதுவும் நாலு தாள் நிறையப் புரியாத குறிகள். லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருளான கப்ஸை இரண்டு முறை நீக்கி, திரும்ப நிறுவியும் பலனில்லை.

அந்த நாலு தாளை எறிந்துவிடவில்லையே? இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். முதல் தாளின் முதல் வரியைப் பாருங்கள். சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, அதை ஒட்டி பிஎஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய பக்கத்தை உங்கள் பிரிண்டர் வெறும் எழுத்தாக நினைத்து அடித்திருக்கிறது. அட் குறியோடு பிஜேஎல் என்று தொடங்கினால் லேசர் பிரிண்டருக்கான டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இந்த இரண்டில் எதுவானாலும் நல்ல செய்திதான். கேபிளும் போர்ட்டும் ஒவ்வொரு பைட்டையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன, பிழை டிரைவரில் மட்டுமே. அப்படி எந்தச் சொல்லும் தெரியாமல், எழுத்துகள் ஏறக்குறைய சரியாக, ஆனால் ஒன்று தள்ளி ஒன்று மாறி வந்திருந்தால் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும்.

கப்ஸை மறுபடி நிறுவும் வேலையை இத்தோடு நிறுத்துங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். ஒரு அலுவலகத்தில் இரண்டு நாள் கப்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கேபிளைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் மடிந்து பக்கத்துப் பின்னோடு ஒட்டிக் கிடந்தது. பிரிண்டரிலிருந்து தொடங்கிக் கம்ப்யூட்டரை நோக்கி வந்திருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். கப்ஸுக்குக் கடைசி இடம்.

பிரிண்டர் மாட்டியிருக்கும் இந்த பேரலல் போர்ட் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க பிரிண்டர் நிறுவனம் 1970-இல் தன் பிரிண்டருக்குச் செய்துகொண்ட இணைப்பு இது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது கம்ப்யூட்டர் பக்கத்தில் 25 பின் இணைப்பானாக மாறியது. பிரிண்டர் பக்கத்தில் இரண்டு ஓரமும் கம்பிக் கிளிப் வைத்த 36 பின் இணைப்பான் அப்படியே நின்றுவிட்டது. எட்டுக் கம்பிகளில், அதாவது 2 முதல் 9 வரையுள்ள பின்களில், ஒரு பைட் ஏறி நிற்கும். 1-ஆம் பின்னான ஸ்ட்ரோபை கம்ப்யூட்டர் ஒரு கணம், குறைந்தது அரை மைக்ரோ விநாடி, கீழே இழுக்கும். "எடுத்துக்கொள்" என்று அதற்கு அர்த்தம். பிரிண்டர் 11-ஆம் பின்னில் "பிஸி" என்று கை காட்டும், எடுத்து முடித்ததும் 10-ஆம் பின்னில் "ஆயிற்று" என்று ஒரு துடிப்பு கொடுக்கும். தாள் தீர்ந்தால் 12, பிரிண்டர் தயாராக இருந்தால் 13, வேறு கோளாறு என்றால் 15. எல்லாமே 5 வோல்ட் சமிக்ஞை. எந்த மாடல், என்ன மொழி என்ற விசாரிப்பெல்லாம் 1994-இல் ஐஇஇஇ 1284 தரம் வந்த பிறகு ஒழுங்குபட்டவை.

இதை வைத்து உங்கள் இரண்டு குறைகளையும் பிரித்துவிடலாம். அடிக்காமல் நின்றுபோவது கைகாட்டும் கம்பிகளின் கதை. பிஸி இறங்காவிட்டால் கம்ப்யூட்டர் காத்துக்கொண்டே இருக்கும், திரையில் "பிராசஸிங்" மாறவே மாறாது. குப்பையாக அடிப்பது தரவுக் கம்பிகளின் கதை, இல்லையென்றால் டிரைவரின் கதை. ஒரு தடவையாவது நாலு தாள் ஓடியிருக்கிறது என்பதால் போர்ட் அடியோடு செத்துவிடவில்லை.

முதலில் பிரிண்டர் தனியாக. அதை அணைத்து, கேபிளைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். யுஎஸ்பி போல ஓடும்போது பிடுங்கிச் செருகினால் போர்ட்டின் சிப் போய்விடக்கூடும், பல பழைய மதர்போர்டுகளில் பேரலல் போர்ட் செத்த காரணம் இதுதான். தாளைப் போட்டு, எல்எஃப்/எஃப்எஃப் பட்டனை அழுத்தியபடியே பிரிண்டரைப் போடுங்கள். தானே சோதனை வரிகளை அடிக்கத் தொடங்கும். எழுத்து வெளுத்தால் ரிப்பன். குறுக்கே ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஹெட்டில் ஒரு ஊசி போயிருக்கிறது. இரண்டும் இப்போதைய பிரச்சினை அல்ல. சோதனை ஒழுங்காக வந்தால் பிரிண்டரை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம், ஒரே ஒரு சந்தேகத்தைத் தவிர. எல்எக்ஸ்-300 பிளஸ்ஸில் சீரியல் போர்ட்டும் உண்டு. எந்த போர்ட்டைக் கேட்க வேண்டும் என்பது பிரிண்டரின் உள் அமைப்பில் இருக்கிறது. யாரோ எப்போதோ அதை சீரியல் என்று மாற்றியிருந்தால் பேரலல் பக்கம் காது கேட்காது. பாஸ் (இடைநிறுத்தம்) விளக்கு எரியவில்லையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், எத்தனையோ முறை அதுதான் காரணம்.

அடுத்து கம்ப்யூட்டர். கேபிளை மாட்டி, பிரிண்டரைப் போட்ட பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள். டெர்மினலில் ரூட்டாக, அதாவது முழு அனுமதி உள்ள பயனராக, லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்து, பார்போர்ட் என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். பார்போர்ட்0, பிசி-ஸ்டைல், ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 378 என்று ஒரு வரியும், எல்பி0 பார்போர்ட்0-ஐப் பயன்படுத்துகிறது என்று இன்னொரு வரியும் வர வேண்டும். பார்போர்ட்0 என்பது பேரலல் போர்ட், எல்பி0 என்பது அதில் மாட்டிய பிரிண்டருக்கு லினக்ஸ் வைத்த பெயர். இரண்டாவது வரியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் போலிங் என்றோ இன்டரப்ட்-டிரிவன் என்றோ இருக்கும்.

முதல் வரியே இல்லையா? கெர்னலில் ஏறியிருக்கும் துணை நிரல்களைக் காட்டும் எல்எஸ்மாட் கட்டளையில் பார்போர்ட், பார்போர்ட்_பிசி, எல்பி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மாட்புரோப் கொடுத்து பார்போர்ட்_பிசியையும் எல்பியையும் ஏற்றுங்கள். ஏற்றியும் போர்ட் தெரியவில்லை என்றால் பயாஸுக்குள், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரைக்குள், போக வேண்டியதுதான். உங்கள் கம்ப்யூட்டரின் வயதுக்கு மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டரின் தேதி பழைய ஆண்டுக்குத் தாவுகிறதா? அப்படியானால் ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் பயாஸ் தன் பிறவி நிலைக்குத் திரும்புகிறது, பேரலல் போர்ட் அமைப்பும் சேர்ந்து மாறிவிடுகிறது. எக்ஸ்பி காலத்தில் ஓடியது இப்போது ஏன் ஓடவில்லை என்பதற்கு லினக்ஸைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். பேட்டரியை மாற்றி, பயாஸில் போர்ட்டை இயக்கி, முகவரி 378, இன்டரப்ட் 7, முறை எஸ்பிபி அல்லது நார்மல் என்று வையுங்கள். ஈசிபி என்ற இன்னொரு முறை வேகமானது, சிபியுவைத் தொடாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏவும் கேட்கும். ஆனால் ஒன்பது ஊசி பிரிண்டருக்கு அந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை. மாட்டு வண்டிக்கு எட்டு வழிச்சாலை எதற்கு?

ஈசிபியில் விட்டிருந்தால் கெர்னல் பதிவில் டிஎம்ஏ டைம்-அவுட் என்றோ, ஃபிஃபோ ஸ்டக் என்றோ, பிஸி டைம்-அவுட் என்றோ வரிகள் தெரியும். அப்படி வந்து, பயாஸில் முறையை மாற்றவும் வழியில்லை என்றால், மாட்புரோப் அமைப்புக் கோப்பில் பார்போர்ட்_பிசிக்கு ஐஓ முகவரியை 378 என்றும், ஐஆர்க்யூவையும் டிஎம்ஏவையும் நன் (none, இல்லை) என்றும் எழுதிவிடலாம். கெர்னல் இன்டரப்ட்டுக்குக் காத்திராமல், தானே திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்து அனுப்பும். சிபியு கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். பில் அடிக்கும் கம்ப்யூட்டரில் அது தெரியவே தெரியாது.

அதே பதிவில் எல்பி0 ஆஃப்-லைன், எல்பி0 அவுட் ஆஃப் பேப்பர் என்ற வரிகளும் வரலாம். எல்பி0 ஆன் ஃபயர் என்று கூட வரும். பயந்து தண்ணீர் வாளியைத் தேட வேண்டாம். கோளாறுக் கம்பி கீழே கிடக்கிறது, ஆனால் தாளும் இருக்கிறது, பிரிண்டரும் தயார் என்கிறது, வேறு என்ன காரணமோ தெரியவில்லை என்ற நிலைக்கு யுனிக்ஸ் உலகில் வெகுகாலமாக வைத்திருக்கும் கேலிப் பெயர் அது. இந்தச் செய்திகள் எல்லாமே 12, 13, 15-ஆம் பின்களின் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. தாள் நிறைய இருக்கும்போது தீர்ந்துவிட்டது என்று கெர்னல் அடம்பிடித்தால் அந்தக் கம்பியில்தான் கோளாறு. தாள் தீர்ந்த பிழையைச் சில நிரல்கள் "சாதனத்தில் இடமில்லை" என்று மொழிபெயர்த்துக் காட்டும், அதைப் பார்த்து ஹார்ட் டிஸ்கைக் காலிசெய்ய ஆரம்பித்தவர்களும் உண்டு.

இப்போது முக்கியமான சோதனை. கப்ஸை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பைட்டுகளை நேரடியாக எல்பி0-க்குள் தள்ளப் போகிறோம். முதலில் வரிசையில் தொங்கும் வேலைகளை கேன்சல் கொடுத்து நீக்கி, கப்ஸ்டிசேபிள் மூலம் வரிசையை நிறுத்துங்கள். எல்பி0-ஐ ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும், கப்ஸ் பிடித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு "பிஸி" என்ற பிழைதான் வரும். பிறகு பிரிண்ட்எஃப் கட்டளையில் 0123456789 என்ற பத்து இலக்கத்தையும், கடைசியில் வரி திரும்பும் குறியையும் வரி இறங்கும் குறியையும் வைத்து, டெவ் அடைவில் உள்ள எல்பி0-க்குத் திருப்பிவிடுங்கள். கடைசி இரண்டு குறிகளை விட்டுவிட்டால் இலக்கங்கள் பிரிண்டரின் நினைவிலேயே தங்கிவிடும், தாளுக்கு வராது. இன்னொரு கண்ணி: ரூட் அனுமதி தரும் சுடோவோடு பிரிண்ட்எஃப் எழுதி, பெரிய கோணக் குறியால் எல்பி0-க்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். திருப்பிவிடும் வேலையைச் செய்வது உங்கள் சாதாரண ஷெல், சுடோ அல்ல. ரூட் ஷெல்லுக்குள் போய்ச் செய்யுங்கள், அல்லது குழாய் (பைப்) குறி வழியாக சுடோ டீ (tee) கட்டளைக்கு அனுப்புங்கள்.

ஏன் இலக்கங்கள் என்கிறீர்களா? 0 முதல் 9 வரை ஹெக்ஸில் 30 முதல் 39. எந்தத் தரவுக் கம்பி கெட்டது என்பதை அடித்து வரும் வரியே காட்டிக்கொடுத்துவிடும். 2-ஆம் பின்னின் கம்பி அறுந்திருந்தால், பிரிண்டர் பக்கத்தில் அது உயர்ந்தே நிற்கும், எல்லா எண்ணும் ஒற்றைப்படையாகிவிடும். 1133557799 என்று வரும். அதே கம்பி கிரவுண்ட் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் 0022446688. மூன்றாம் பின் அறுந்தால் 23236767 என்று தொடங்கி, முக்காற்புள்ளியும் அரைப்புள்ளியுமாக முடியும். நான்காம் பின் என்றால் 45674567, அப்புறம் சிறியது குறியும் சமக் குறியும். ஐந்தாம் பின் என்றால் 89-இல் தொடங்கி, நடுவில் குறிகளாக ஓடி, மறுபடி 89-இல் முடியும். கடைசிக் கம்பியான 9-ஆம் பின் அறுந்தால் எழுத்துகள் அட்டவணையின் மேல் பாதிக்குத் தாவிவிடும். பிரிண்டர் எந்த அட்டவணையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, பெட்டிக் கோடுகளாக வரும் அல்லது அதே இலக்கங்கள் சாய்ந்த எழுத்தில் வரும். சாய்ந்து வந்தால் அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

வரும் தாளைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் இந்த பிரிண்டரில் ஒரு அருமையான வசதி இருக்கிறது. அணைத்துவிட்டு, எல்எஃப்/எஃப்எஃப், லோட்/எஜெக்ட் என்ற இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தியபடி போடுங்கள். ஹெக்ஸ் டம்ப் முறைக்குப் போய்விடும். அதன் பிறகு என்ன வந்தாலும் அதற்குக் கீழ்ப்படியாமல், வந்த பைட்டுகளை அப்படியே எண்களாக அடித்துக் காட்டும், பக்கத்தில் எழுத்தாகவும் காட்டும். ஒரு வரி நிறையும் அளவுக்கு பைட் சேர்ந்தால்தான் அடிக்கும் என்பதால் இலக்க வரியை நாலைந்து முறை அனுப்புங்கள். கம்ப்யூட்டர் என்ன அனுப்பியது என்பது உங்களுக்குத் தெரியும், பிரிண்டருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது தாளில் இருக்கிறது. பஞ்சாயத்துக்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

இலக்கங்கள் மாறி வந்தால் முதலில் வேறு கேபிள். மல்டிமீட்டர் இருந்தால் பழைய கேபிளையே சோதிக்கலாம். 25 பின் பக்கத்தின் 1 முதல் 14 வரை, 36 பின் பக்கத்தில் அதே எண்களுக்குப் போகும். 15-ஆம் பின் 32-க்கும், 16-ஆம் பின் 31-க்கும், 17-ஆம் பின் 36-க்கும் போகும். சாதாரணக் கேபிள் மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். கல்லாப்பெட்டி வரை வரட்டும் என்று இரண்டு கேபிளை ஒட்டி நீட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். கேபிள் மாற்றியும் அதே எண்கள்தான் என்றால் போர்ட்டின் சிப்பில் ஒரு கம்பி போய்விட்டது. பிசிஐ பேரலல் கார்டு ஒன்று வாங்கி மாட்டுங்கள், பார்போர்ட்_பிசி பெரும்பாலான கார்டுகளை அடையாளம் கண்டுகொள்ளும். முகவரி 378 ஆக இருக்காது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

யுஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த பிரிண்டருக்கு வாங்கலாம். ஆனால் அது பேரலல் போர்ட்டாகத் தெரியாது, யுஎஸ்பி பிரிண்டராகத் தெரியும். மேலே சொன்ன எல்பி0, பார்போர்ட் எதுவும் அதற்குப் பொருந்தாது, கப்ஸிலும் யுஎஸ்பி என்று தொடங்கும் முகவரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பில் வந்து இரண்டாவது பில்லில் நின்றுபோனால், கப்ஸின் எல்பிஅட்மின் கட்டளையில் யுஎஸ்பி-யூனிடிர்-டிஃபால்ட் என்ற விருப்பத்தை ட்ரூ என்று வைத்துப் பாருங்கள்.

இலக்கங்கள் சுத்தமாக வந்துவிட்டால்தான் கப்ஸ் பக்கம் போக வேண்டும். எல்பிஇன்ஃபோவை மைனஸ் வி விருப்பத்தோடு ஓட்டினால் பேரலல் என்று தொடங்கி எல்பி0-இல் முடியும் முகவரி தெரிய வேண்டும். அந்த முகவரியோடு புதிதாக ஒரு வரிசையைச் சேருங்கள். டிரைவராக, கப்ஸோடு வரும் எப்சன் 9-பின் சீரிஸைத் தேர்ந்தெடுங்கள். எல்எக்ஸ் என்று பார்த்து 24-பின்னையோ, இங்க்ஜெட் வரிசையையோ தேர்ந்தெடுத்தால் மறுபடி குப்பைதான். ஒரு வேலை தோற்றதும் வரிசையை நிறுத்திவைக்கும் அமைப்பு பல இடங்களில் உண்டு. காலையில் பிரிண்டரைப் போட மறந்துவிட்டு ஒரு பில் கொடுத்தால் போதும், அன்று முழுக்க நின்றுவிடும். கப்ஸ்எனேபிள் கொடுத்து எழுப்புங்கள், பிழை ஏற்பட்டால் மறுபடி முயலும்படி வரிசையின் கொள்கையை மாற்றிவிடுங்கள். முதலில் நீங்கள் பார்த்த நிற்கும் "பிராசஸிங்" ஒருவேளை பயாஸ் கதையாக இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம்.

தாள் விஷயம். நம் கடைகளில் கிடைக்கும் துளையிட்ட தொடர் தாள் பெரும்பாலும் 10க்கு 12 அங்குலம். கப்ஸில் ஏ4 என்று விட்டுவைத்தால் ஒவ்வொரு பில்லும் 8 மில்லிமீட்டர் அளவுக்கு மேலேறிக்கொண்டே போய், பத்தாவது பில்லில் கடைப் பெயர் மடிப்புக்கு மேலே போய்விடும். தாளின் நீளத்தை 12 அங்குலமாகக் கொடுங்கள்.

கடைசியாக, பில்லில் தமிழ் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிண்டரின் உள்ளே தமிழ் எழுத்துரு இல்லை. எல்பி0-க்கு நேரடியாகவோ, எதையும் மாற்றாத ரா வரிசை வழியாகவோ தமிழை அனுப்பினால், யுடிஎஃப்-8 முறையில் "அரிசி" என்ற ஒரு சொல் மட்டும் 15 பைட்டாகப் போகும். கிரேக்க ஆல்பா, இரட்டைக் கோண மேற்கோள், அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடி ஆல்பா என்று அடிக்கும். உங்கள் குப்பைத் தாளில் ஆல்பாக்கள் நிறைய இருந்தால் அது கோளாறே அல்ல, தமிழ்தான்! தமிழைப் படமாக்கி அனுப்புவதுதான் வழி, கப்ஸ் டிரைவர் அதைச் செய்யும். ஆனால் அந்த டிரைவர் நெடுக்கில் அங்குலத்துக்கு 72 புள்ளிதான் போடும். 10 பாயிண்ட் எழுத்து என்றால் மொத்த உயரத்துக்கும் 10 புள்ளி. அதற்குள் "ளு"வின் சுழியும் "ணி"யின் விசிறியும் எங்கே அடங்கும்? 14 பாயிண்டுக்குக் குறையாமல், கோடு ஒரே தடிமனாக உள்ள எழுத்துருவாக எடுங்கள். படமாக அடிக்கும்போது சத்தமும் நேரமும் கூடும். கூட்ட நேரத்தில் அது கட்டுப்படியாகாது என்று தோன்றினால், கடைப் பெயரையும் தலைப்புகளையும் தமிழில் முன்பே அச்சடித்த தாள் வாங்கிக்கொண்டு, எண்களையும் ரகக் குறியீடுகளையும் மட்டும் நேரடி எழுத்தாக அனுப்புங்கள். நான் பார்த்தவரை மண்டிகளில் அதுதான் ஓடுகிறது.

இத்தனையும் செய்து இன்னும் அடிக்கவில்லை என்றால், பார்போர்ட் வரும் டிமெசேஜ் வரிகளையும், ஹெக்ஸ் டம்ப் தாளையும், அந்தக் குப்பைத் தாளின் முதல் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். கப்ஸ் பதிவு இப்போது வேண்டாம்.